ஒரு பல்பு, ஒரு முட்டை: ஒளி நிழல் ஓவியம் பழக சார்கோலா, ஆயிலா, அக்ரிலிக்கா, டேப்லெட்டா?

"இருட்டுக்குள்ளிருந்து முகம் எழுந்து வருகிற மாதிரி வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயில் வாங்கட்டுமா, வேறு எதிலாவது தொடங்கட்டுமா?"

இந்தக் கேள்வி கடந்த சில மாதங்களில் நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் திருப்பூரில் மெர்ச்சண்டைசர்; ஷிப்மென்ட் இல்லாத ஞாயிறு மட்டும்தான் அவருடையது. ஒருவர் கோபியில் பள்ளி ஓவிய ஆசிரியர். மூன்றாமவர் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி. அறையில் இவரோடு மூன்று பேர். நான்காமவர் தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பொறுமைதான் கம்மி என்று அவரே எழுதியிருந்தார்.

நால்வருக்கும் ஒரே பதில் செல்லாது. ஆனால் நால்வரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. எந்தக் கடையில் என்ன வாங்குவது என்று கேட்டார்கள். விளக்கை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வகை ஓவியத்தில் பாதி வேலை அதுதான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எந்த இருட்டு வேண்டும்?

இத்தாலிய மொழியில் கியாரோ என்றால் வெளிச்சம், ஸ்கூரோ என்றால் இருட்டு. சேர்த்துச் சொன்னால் கியாரோஸ்கூரோ. ஒளியையும் நிழலையும் வைத்தே உருவத்துக்குத் திரட்சி கொடுப்பது. அதிலேயே படத்தின் முக்கால் பங்கை இருட்டில் முக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிற பாணிக்கு டெனெபிரிசம் என்று பெயர்.

இத்தாலிய ஓவியர் காரவாஜியோ (1571–1610) இந்த இரண்டாவது வகைக்கு ஆள். ரோமில் சான் லூயிஜி தே பிரான்செசி தேவாலயத்தில் அவருடைய 'புனித மத்தேயுவின் அழைப்பு' இருக்கிறது, 1599–1600இல் வரைந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்சுவரில் ஒரு ஜன்னல் தெரிகிறது. ஆனால் அந்த ஜன்னலிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வருவதில்லை! படத்துக்கு வெளியே வலதுபுறம் எங்கிருந்தோ சாய்வாக வந்து முகங்களில் விழுகிறது. நிழலின் ஓரம் கத்தியால் அரிந்தது போல இருக்கும்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் (1606–1669) அப்படி இல்லை. வயதான காலத்தில் அவர் வரைந்த தன்முகப் படங்களில் நிழல் பக்கத்துக் கன்னம் எங்கே முடிந்தது, பின்னணி எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. வெளிச்சம் விழுந்த நெற்றியில் பெயிண்ட் கட்டியாக நிற்கும், இருட்டில் மெல்லிசாகப் படிந்திருக்கும்.

அரிந்த ஓரமா, கரைந்த ஓரமா? உங்கள் மனம் இதில் எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்தே கீழே இருக்கும் நான்கில் எது ஒத்துவரும் என்பது மாறும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலில், தப்பைத் துடைத்துத் திருத்த முடிகிறதா என்று பார்க்கிறேன். ஆரம்பத்தில் எல்லாரும் நிழலைத் தேவைக்கு மேல் வெளுப்பாகத்தான் போடுவோம். பத்துத் தடவை மாற்றாமல் சரிவராது. இரண்டாவது, ஓரத்தைக் கரைக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறது. மூன்றாவது, ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் படம் காத்திருக்குமா. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அப்புறம் வீடு: வாசனை, தூசி, குழந்தைகள், மின்விசிறி. கடைசியாக, முதல் நாள் பில்லில் வராமல் பின்னால் வந்து நிற்கிற செலவு.

திறமையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் கட்டத்தில் அது கண் சம்பந்தப்பட்டது. கை பின்னால் வந்துவிடும்.

## நான்குக்கும் பொதுவானது: பல்பு

ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரையச் சொல்லும். அங்கே அது சரி. வடக்கு ஜன்னலில் சூரியன் பெரும்பாலும் நேராக எட்டிப் பார்ப்பதில்லை, நாள் முழுக்க வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். நம் ஊர்க் கதை வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் ஏறக்குறைய 11 பாகை வட அகலாங்கில் இருக்கின்றன. சித்திரை தொடங்கி ஆவணி தொடக்கம் வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாதம் காலையில் வடக்கு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உட்காருங்கள். முட்டையின் மேல் வெயிலே வந்து விழும். நானும் ஒரு கோடை முழுக்கப் புத்தகத்தை நம்பி நிழலைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே ஒரு பல்பு. சாதாரண 9 வாட் எல்இடி, மஞ்சள் வெளிச்சம் தருவது போதும். அட்டையைக் கூம்பாகச் சுருட்டி மாட்டினால் வெளிச்சம் சிதறாது. டியூப்லைட்டை அணைத்தே ஆக வேண்டும். இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு நிழல் விழும், பாடம் அங்கேயே குழம்பிவிடும்.

ஒரு அட்டைப் பெட்டி வேண்டும். பனியன் பேக் செய்கிற பெட்டி சரியான அளவு. முன்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டிவிட்டு, உள்ளே கறுப்புத் துணி ஒட்டுங்கள். வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து நிழலை வெளுக்க வைக்கும். கறுப்புத் துணி அதை விழுங்கிவிடும். துணியை எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்து ஒரு தடவை பார்த்தாலே காரவாஜியோவின் இருட்டு பாதி புரிந்துவிடும்.

பல்பை எவ்வளவு தூரத்தில் வைப்பது? ஒரு அடியிலிருந்து இரண்டு அடிக்குத் தள்ளினால் பொருளின் மேல் விழும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். கிட்டே வைத்தால் முன்னால் இருப்பது பளிச்சென்றும் பின்னால் இருப்பது சட்டென்று இருண்டும் போகும். நாடகத்தனம் வேண்டுமென்றால் கிட்டே, சாந்தமாக வேண்டுமென்றால் தள்ளி.

பெட்டிக்குள் முதல் பொருளாக ஒரு வெள்ளை முட்டை. வேறொன்றும் வேண்டாம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கோவையில் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்த பெரியவர். ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை போய், பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் முட்டையை ஒரு மணி நேரம் தேய்த்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைக் கையில் வாங்கவே இல்லை. "ஏங்கண்ணு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு முட்டையப் பாரு. மூணு துண்டாத் தெரியோணும். அதுக்கு மேல தெரிஞ்சா நீ பாக்கல, எண்ணிட்டிருக்கறே" என்றார். வெளிச்சம், நிழல், கீழே தரையில் விழுந்த நிழல். அந்த மூன்றையும் தட்டையாக மூன்று நிறத்தில் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். ஒரு மணி நேரம் தேய்த்ததைவிட அது முட்டையாக இருந்தது.

## சார்கோல்

நிழல் பழகுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் தள்ளுபடி கொடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

தாள் முழுக்க கரியைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கிவிடுங்கள். பிறகு பிசைகிற ரப்பரை நுனியாக உருட்டி, வெளிச்சம் இருக்கும் இடத்தை அதிலிருந்து துடைத்தெடுங்கள். இருட்டு முதலில் இருக்கிறது, வெளிச்சத்தை நாம் கொண்டுவருகிறோம். வெள்ளைத் தாளில் நிழலைச் சேர்த்துக்கொண்டு போவதற்கு நேர் எதிரான பழக்கம் இது. தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிட்டு மறுபடி. ஓரத்தைக் கரைக்க விரலே போதும். ஒரு வாரம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும்.

செலவும் குறைவு: கரிக்குச்சிகள், ரப்பர், கொஞ்சம் சொரசொரப்பான தாள் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய். அதையும் மிச்சம் பிடிக்கலாம் என்று பருத்திமாரை ஒடித்து, மூடிய பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்பில் சுட்டுப் பார்த்திருக்கிறேன். கரி வந்தது. பாதி நொறுங்கியது, மீதி தாளைக் கீறியது. வீட்டில் மூன்று நாள் புகை வாடை. கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

பின்னால் வருகிற செலவு இரண்டு. மெல்லிய கரிக்குச்சி எவ்வளவு தேய்த்தாலும் அடர்ந்த கறுப்புக்குப் போகாது. அதற்கு அழுத்திச் செய்த கம்ப்ரெஸ்ட் சார்கோல் வேண்டும். அது ரப்பருக்கு மசியாது. ஆக, ஆழமான இருட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்தபின்தான் அதைத் தொட வேண்டும். இரண்டாவது, முடித்த படத்தைப் பாதுகாப்பது. கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சட்டிவ் அடித்தால் மெல்லிய சாயல்கள் ஒரு படி கறுக்கும். ஹேர் ஸ்ப்ரே போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்டேன், ஒரு நல்ல படம் பழுப்பாகிவிட்டது. சட்டம் போடுவதானால் கண்ணாடி வேண்டும், இருட்டுப் படத்தின் மேல் கண்ணாடி போட்டால் எதிரே நிற்பவரின் முகம்தான் தெரியும். படத்துக்கு ஆனதைப் போல பல மடங்கு சட்டத்துக்கு ஆகும்.

நிறம் இதில் வராது. மஞ்சள் விளக்கின் கீழ் வெளிச்சம் வெதுவெதுப்பாகவும் நிழல் குளிர்ச்சியாகவும் தெரிகிற வித்தையை சார்கோல் சொல்லித் தராது. இன்னொரு எதிர்வாதமும் உண்டு, நானே சொல்கிறேன்: காரவாஜியோ வரைந்ததென்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு கோட்டுச் சித்திரம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கேன்வாஸிலேயே வேலையைத் தொடங்கியதாகத்தான் தெரிகிறது. சரி, அவரால் முடிந்தது.

## ஆயில்

இந்த ஓவியங்கள் பிறந்த ஊடகமே இதுதான். ஆயில் பெயிண்டில் நிறத்தைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால் ஓரத்தைக் கரைக்க உங்களுக்கு மணிக்கணக்கில், சில நிறங்களில் நாள்கணக்கில் நேரம் கிடைக்கிறது. ரெம்ப்ராண்டின் கரைந்த கன்னம் வேண்டுமென்றால் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

தொடங்கும் முறை சார்கோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கேன்வாஸ் முழுக்க அம்பர் என்கிற மண்பழுப்பை மெல்லிசாகப் பூசி, துணியால் வெளிச்சத்தைத் துடைத்தெடுப்பது. அது காய்ந்ததும் வெளிச்சப் பகுதியில் தடிமனாக, நிழலில் மெல்லிசாக மேல்பூச்சு. அம்பர் சீக்கிரம் காயும், ஒன்றிரண்டு நாளில் தொடலாம். ஐவரி பிளாக், டைட்டானியம் ஒயிட் இரண்டும் இழுக்கும். சீக்கிரம் காய்கிற பூச்சின் மேல் மெல்லக் காய்கிறதைப் போடலாம். மாற்றிப் போட்டால் பின்னால் வெடிக்கும்.

கேன்வாஸ் விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரருக்கு அதிர்ஷ்டம். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடுகிற காடாத் துணியில் கனமான ரகம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ரெடிமேட் கேன்வாஸ் விலையோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் பாவுக்குப் போட்ட கஞ்சி துணியில் அப்படியே இருக்கும். ஒரு தடவை நன்றாகத் துவைத்துக் காயப்போட்டு, சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று கோட் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எண்ணெயை நேராகத் துணியில் விட்டால் நாளடைவில் துணி இற்றுப்போகும்.

இனி தொல்லைகள். இவற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இருட்டு செத்துப்போகும். ஈரத்தில் பட்டுப்போல் ஆழமாக இருந்த அம்பர், காய்ந்ததும் மங்கிச் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். பலர் இதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் கறுப்பை அப்புவார்கள். செய்ய வேண்டியது அதுவல்ல. காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுத்தால் பழைய ஆழம் திரும்பிவிடும். அதன்பின் தொடருங்கள்.

காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலையையே சுழற்றுகிறது; உங்கள் ஈரக் கேன்வாஸை விட்டுவைக்குமா? புழுதி அப்படியே ஒட்டிக்கொள்ளும். திருப்பூரிலோ பஞ்சுத்தூசி. நிழல் பகுதியில் ஒரு வெள்ளை இழை ஒட்டினால் அது ஒன்றுதான் கண்ணில் படும். படத்தைச் சுவர் பக்கம் திருப்பி, மேலே அட்டை வைத்து மூடும்படி ஒரு மூலை வேண்டும்.

துடைக்கிற துணி. பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிற ஊர் நம்முடையது, ஓவியருக்கு வரப்பிரசாதம். ஆனால் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால், எண்ணெய் இறுகும்போது வருகிற சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். இது கட்டுக்கதை கிடையாது. அறையில் பஞ்சும் துணியும் சேர்ந்திருக்கிற வீடுகளில் இன்னும் ஆபத்து. துணியைத் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் போடுங்கள், அல்லது வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

பெயிண்டை இளக்கவும் பிரஷைக் கழுவவும் பயன்படுகிற டர்பன்டைன் வாடை பூட்டிய அறைக்கு ஆகாது. ஆனால் பல்பு பாடத்துக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே? உண்மைதான், இரண்டும் முட்டிக்கொள்கின்றன. டர்பன்டைனை விட்டுவிட்டு வெறும் எண்ணெயில் வேலை செய்வது, பிரஷை எண்ணெயில் அலசிப் பிறகு சோப்புப் போடுவது என்றுதான் நான் சமாளிக்கிறேன்.

## அக்ரிலிக்

வாடை இல்லை, தண்ணீரில் கழுவலாம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் பயமில்லை. கடையில் முதலில் இதைத்தான் நீட்டுவார்கள். நல்ல பொருள்தான், ஆனால் இந்தப் பாடத்துக்கு வந்தால் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று வேகம். சித்திரை வெயிலில், மின்விசிறிக்கடியில், தட்டில் பிதுக்கிய பெயிண்ட் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தோல் கட்டிவிடும். ஓரத்தைக் கரைக்க நினைக்கும்போது அது ஏற்கெனவே காய்ந்திருக்கும். ஈரமான ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதைத் தட்டாக வைத்தால் கொஞ்சம் தாங்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தனியாக வாங்க வேண்டும். பின்னால் வரும் செலவு அது.

இரண்டாவது இன்னும் மோசம். ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக்கின் பசை பால்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் எந்த நிறமும் காய்ந்தபின் ஒரு படி கறுக்கும். வெளிச்சமான படத்தில் இது பெரிதாகத் தெரியாது. இருட்டுப் படத்தில், கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் நடுவே இருக்கிற இரண்டு மூன்று படிகளில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. ராத்திரி சரியாகப் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் நிழலுக்குள் இருந்த காது காணாமல் போயிருக்கும்.

அக்ரிலிக் நன்றாக வருவது காரவாஜியோ மாதிரி அரிந்த ஓரம் தேவைப்படும்போது. அதோடு, பெரிய கேன்வாஸில் அடிப்பூச்சை ஒரே மாலையில் முடித்துவிட்டு மேலே ஆயிலுக்கு மாறுகிறவர்களுக்கும் உதவும். அக்ரிலிக் மேல் ஆயில் போடலாம். ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது.

## டேப்லெட்

திரை இல்லாத சின்ன டேப்லெட் சில ஆயிரம் ரூபாய். திரையுள்ளது பல ஆயிரம். வரைவதற்கான கிரிட்டா மென்பொருள் இலவசம். தூசியில்லை, வாடையில்லை, பஸ்ஸில் வைத்துக்கூட வரையலாம். அனிமேஷன், கேம் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு எப்படியும் இது வேண்டும், அவர்கள் யோசிக்கவே தேவையில்லை.

எனக்கு இதில் உள்ள மனத்தாங்கல் வேறு. பழைய ஓவியத்தைத் திறந்துவைத்து, அதிலிருந்து நிறத்தைச் சொடுக்கி எடுத்து வரைகிறார்கள். படம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால் அந்த நிழல் எவ்வளவு கறுப்பு என்று கண் ஒரு தடவைகூட முடிவெடுக்கவில்லை. நிறம் எடுக்கும் அந்தச் சொடுக்கியைத் தொடாமல் இருக்க முடியுமானால் டேப்லெட்டில் கற்கலாம். முடிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரை தானே ஒளிர்கிற பொருள் என்பது இன்னொரு பொறி. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வரைந்தால் நிழலுக்குள் எல்லாம் தெளிவாகத் தெரியும். பிரிண்ட் போட்டால் மொத்தமும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்துக்குப் பரிசாக விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் செய்து, முந்தின நாள் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். விளக்கு மட்டும் இருந்தது, ஆள்களைக் காணோம். கடைக்காரர் மேல் தப்பில்லை.

பார்த்து வரைவதற்கு மாதிரி தேடுகிறவர்களுக்கு ஒரு சேதி: ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள ஓவியங்களை மிகத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ரெம்ப்ராண்டின் 1642ஆம் ஆண்டு 'இரவுக் காவல்' அங்கேதான் இருக்கிறது. பிரஷ் தடம் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். இதற்கு டேப்லெட்டோ கணினியோ இருப்பது நல்லது, செல்போன் போதாது.

## வாட்டர்கலர் பற்றியும் கேட்டிருந்தார்கள்

இப்போதைக்கு வேண்டாம். இதில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளை. ஒருமுறை மூடிவிட்டால் போனது போனதுதான். ஆனால் முடியாதென்று சொல்லவில்லை. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் படத்தை நம்மில் நிறையப் பேர் காலண்டரில் பார்த்திருப்போம். ரவிவர்மா வரைந்தது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர் (1882–1968), 1945–46இல். மாடலாக நின்றது அவருடைய மகள். அது வாட்டர்கலர்! சுடரை மறைத்த கையின் விரலிடுக்கில் சிவப்பாக வெளிச்சம் ஊடுருவுகிறதே, அங்கே திருத்த அவருக்கு இடமே இல்லை.

அதற்கு முன்னூறு வருடம் முன்பே இதே கையை பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் டி லா தூர் (1593–1652) ஆயிலில் வரைந்திருக்கிறார். பாரிஸ் லூவரில் உள்ள 'தச்சர் புனித யோசேப்பு' படத்தில் மெழுகுவர்த்திக்கு முன் ஒரு பிள்ளை கை வைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் மைசூர், லூவரைவிடக் கிட்டே.

## சுருக்கமாக ஒரு பட்டியல்

| | சார்கோல் | ஆயில் | அக்ரிலிக் | டேப்லெட் |
|---|---|---|---|---|
| திருத்துவது | கையால் வழித்தால் போதும் | ஈரம் இருக்கும்வரை எளிது | மேலே பூசித்தான் மறைக்கணும் | அளவுக்கு மீறி எளிது |
| கரைந்த ஓரம் | நன்றாக வரும் | இதுதான் உச்சம் | சிரமம் | வரும் |
| ஒரு வாரம் விட்டால் | அப்படியே இருக்கும் | அடுத்த பூச்சுக்குப் பதமாகக் காய்ந்திருக்கும் | காய்ந்து கறுத்திருக்கும் | அப்படியே இருக்கும் |
| வீட்டில் தொல்லை | கரித்தூசி | வாடை, தூசி, தீ அபாயம் | இல்லை | இல்லை |
| பின்னால் வரும் செலவு | ஃபிக்சட்டிவ், கண்ணாடிச் சட்டம் | பிரஷ், எண்ணெய், இடம் | ரிடார்டர் | பிரிண்ட் |

## அப்படியானால் யாருக்கு எது?

திருப்பூர்க்காரருக்கு: மூன்று மாதம் சார்கோல், அதன்பின் ஆயில். ஆயிலின் குறை என்று எல்லாரும் சொல்கிற தாமதம் உங்களுக்கு வசதி. ஞாயிறு பூசினால் அடுத்த ஞாயிறு அடுத்த பூச்சுக்கு ஏறக்குறையத் தயாராக இருக்கும். வாரம் ஒரு பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுத்தூசிக்கு மட்டும் ஒரு மூடி செய்துவிடுங்கள்.

விடுதி மாணவிக்கு: ஆயில் கூடவே கூடாது, அறைத்தோழிகள் விரட்டிவிடுவார்கள். சார்கோல் தூசியும் அவர்கள் துணியில் படியும். வார நாளில் டேப்லெட், நிறம் எடுக்கும் சொடுக்கியை மறந்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் மட்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கரி. ஒரு நாள் நேரம் கிடைத்தால் பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைக்குப் போய்வாருங்கள். அங்கே தூண் சிற்பங்களின் மேல் பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வரைய வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

கோபி ஆசிரியருக்கு: நாற்பது பிள்ளைகள் கையில் கரியைக் கொடுத்தால் சாயங்காலம் நாற்பது அம்மாக்கள் வருவார்கள். கெட்டிப் பழுப்புத் தாளில் கறுப்பு, வெள்ளை இரண்டே சாக்பீஸ் கொடுங்கள். தாளின் நிறம் நடுச்சாயல், கறுப்பு நிழல், வெள்ளை வெளிச்சம். பெரியவர் சொன்ன மூன்று துண்டு அதிலேயே வந்துவிடும். அந்தத் தாள் சில வருடத்தில் நொறுங்கும். பள்ளிப் படத்துக்குப் பரவாயில்லை.

தாராபுரத்துக்காரருக்கு இடம் இருப்பதால் நேராக ஆயிலுக்கே போகலாம் என்றுதான் முதலில் எழுதினேன். பொறுமை கம்மி என்ற வரியை மறுபடி படித்துவிட்டு அடித்துவிட்டேன். சார்கோலில் தொடங்குங்கள் ஐயா. ஒரு உட்காரலில் ஒரு படம் முடிந்துவிடும். ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஆயிலை எடுத்துக்கொள்ளலாம்.

அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க கரண்டை நிறுத்துகிற ஷட்டவுன் நாளில் பல்புக்கு எங்கே போவது? அன்றைக்கு லா தூர் வழிதான். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியின் வெட்டிய பக்கத்துக்கு வெளியே நல்லெண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றிவையுங்கள். பல்பைவிட வெளிச்சம் குறைவு, நிழல் இன்னும் அழகு. திரி எரிய எரியச் சுடர் தாழும், நிழல் நீளும். நான் முதல் தடவை கவனிக்காமல் விட்டு, பாதிப் படத்தில் நிழல் இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரியைத் தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மிச்சி உட்கார்ந்தார். விசிறியடித்த காற்றுக்குச் சுடர் அணையாமலிருக்க ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். அரை மணி நேரத்தில் நான் முட்டையை விட்டுவிட்டு அந்தக் கையை வரைந்துகொண்டிருந்தேன்.